அம்மனிடம் மட்டும் சொல்ல நினைத்தேன்

தாயை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் ஏழுமலையின் வணக்கம். கழுத்தில் ஐயப்பன் மாலை, வாயில் பிராந்தி வாடை. இப்படி ஒரு ஆளை நீங்கள் வழியில் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பீர்கள். அந்த ஆள் நான்தான். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். தாய் எனக்குச் செய்ததை மறைத்தால் அது குடித்ததைவிடப் பெரிய பாவம்.

எங்கள் ஊர் செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிற்கும், ஆனால் டிரைவர் மனசு வைத்தால்தான் நிற்கும். எனக்கு மைக் செட் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுவது, சாவு, எதுவாக இருந்தாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். கட்சிக் கூட்டம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். அதோடு நான் குருசாமி. பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்று சுமந்துகொண்டு சபரிமலைக்குப் போய் வந்தவன். சுற்றுப்பட்டு ஊர்களில் யார் மாலை போட்டாலும் என் கையால்தான் போட்டுக்கொள்வார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்கள் என் காலில் விழுவார்கள். நானும் காலை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

மைக் செட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடகை தனி, பாட்டில் தனி. விசேஷ வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு ஒரு குவாட்டரைத் துண்டில் சுற்றிக் கொடுப்பார். அது மரியாதை. வாங்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். முதலில் கண் விழிக்க வேண்டுமே என்று குடித்தேன். பிறகு தூக்கம் வர வேண்டுமே என்று குடித்தேன். கடைசியில் காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் திருப்புளி ஸ்க்ரூவில் உட்காரும்.

இவ்வளவும் பதினொரு மாதம். கார்த்திகை பிறந்தால் நான் வேறு ஆள். காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, சரண கோஷம். ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடமாட்டேன். அதனால்தான் நான் குடிகாரன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் நம்பவில்லை. நினைத்தால் நிறுத்துகிறவன் எப்படிக் குடிகாரன் ஆவான் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். ஊரில் யார் பிள்ளை குடித்தாலும் தாய்மார்கள் என் வாசலுக்குத்தான் கூட்டி வருவார்கள். "சாமி, இவனுக்கு ஒரு மாலயப் போட்டு வுடுங்க. அப்பவாவது திருந்தறானா பாப்போம்" என்பார்கள். நானும் போட்டு விடுவேன். மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய மறுநாள் எங்கள் குழுவில் ஆடு அடிப்போம். கறியோடு பாட்டிலும் இருக்கும். அதை ஊற்றிக் கொடுப்பதும் குருசாமிதான். நாங்கள் அதைத் தப்பு என்று நினைக்கவே இல்லை. விரதம் முடிந்ததற்கு அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன்.

பாபு என் மனைவி மல்லிகாவின் தம்பி. லோடு வண்டி ஓட்டினான். நல்ல பையன், ஆனால் குடித்தான். மல்லிகாதான் என்னிடம் கெஞ்சினாள், இவனுக்கும் மாலை போடுங்கள் என்று. போட்டேன். அந்த மண்டலம் முழுக்க அவன் தங்கமாக இருந்தான். பஜனையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். மாலை கழற்றிய மறுநாள் விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, நான் இத்தோட வுட்டுட்றேன் மாமா. எனக்கு இது வோணாம்" என்றான். நான் சிரித்தேன். "ஒரு மண்டலம் சாமியா இருந்துட்ட, போதும்டா மச்சான். இன்னிக்கு ஒரு நாள்" என்று சொல்லி டம்ளரை அவன் கையில் வைத்து ஊற்றினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். குருசாமி கொடுக்கிறாரே என்று குடித்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. ஒரு வருஷம் கழித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தான். அவன் சாவுக்கும் நான்தான் குழாய் கட்டினேன். அவனோடு சேர்ந்த வண்டிக்காரப் பையன்கள்தான் அவனைக் கெடுத்தார்கள் என்று மல்லிகா மண்ணை வாரித் தூற்றினாள். நீங்களும் அவனோடு குடித்தீர்களா என்று ஒருமுறை கேட்டாள். அவள் தலையில் கை வைத்து, இல்லை என்று சத்தியம் செய்தேன். விருந்தில் இருந்தவர்களும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதைச் செய்தவன் கோயிலுக்குப் போகலாமா? நான் போனேன். தினமும் போனேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை. வழக்கம்போல் மாலை போட்டேன். இந்த முறை என்னால் முடியவில்லை. இரண்டாம் நாளே உடம்பெல்லாம் வேர்த்தது. கை மட்டுமில்லை, தாடையும் நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது, கிட்டப் போனால் எறும்பே இல்லை. மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பிறகு அந்த மரியாதையும் போய்விட்டது. கழுத்தில் மாலையோடே குடித்தேன். கிராம்பு மென்றேன். உடம்பெல்லாம் சந்தனம் பூசினேன். பச்சைக் கற்பூரத்தை வாயில் அடக்கிக்கொண்டு பஜனை பாடினேன். "குருசாமிகிட்ட போனாலே கோயில் வாசன" என்று ஒரு அம்மா சொன்னார். அன்றைக்கே நான் செத்திருக்க வேண்டும்.

மார்கழியில் இருமுடி கட்டும் நாள் வந்தது. எங்கள் ஊர் அங்காளம்மன் கோயிலில்தான் கட்டுவோம். அவள் எங்கள் குலதெய்வம். அவளிடம் சொல்லாமல் நாங்கள் எந்த மலைக்கும் போகமாட்டோம். அந்த வருஷம் அன்னதானத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதால் அனந்தபுரம் செல்வராஜிடம் இரண்டு குழாய் இரவல் வாங்கியிருந்தேன். அவனும் மைக் செட்காரன்தான். எனக்குத் தம்பி வயது. துண்டில் சுற்றிய பாட்டிலை அவன் வாங்கமாட்டான், மோர் இருந்தால் கொடுங்கள் என்பான். நான் அவனுக்கு மோர்க்காரன் என்று பேர் வைத்து ஊர் முழுக்கப் பரப்பினேன். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒரு குழாயைத் தண்ணீர் டேங்க் மேலும் இன்னொன்றை பஸ் நிற்கும் இடத்துக் கம்பத்திலும் கட்டினேன். கோயிலுக்குள் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தேன்.

அன்னதானம் முடிந்தது. சாயங்காலம் இருமுடி கட்ட வேண்டும். சாமிகள் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் படுத்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். பெண்கள் போர் பைப் பக்கம் அண்டா துலக்கிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் யாரும் இல்லை. நான் பாக்ஸை அணைத்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வயர் இல்லாத மைக் என் இடுப்புத் துண்டில் செருகியபடியே இருந்தது. வாகனம் வைக்கும் அறைக்குப் போய், ஒளித்து வைத்திருந்ததைக் குடித்தேன். திரும்பி வந்து கம்பிக் கதவைச் சாத்திவிட்டு அம்மன் எதிரில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் அழுகை வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், முதல்முறை மலைக்குப் போகும் கன்னிசாமிகள் தலையில் நான் இருமுடியைத் தூக்கி வைக்க வேண்டும். இந்தக் கையால். அம்மனிடம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன்.

"தாயே, என்னால முடியல. மால போட்டுட்டு குடிச்சிட்டேன் தாயே. இன்னிக்கும் குடிச்சிட்டுத்தான் ஒன் எதுர்ல குந்திங்கிறேன். எல்லாரும் என் கால்ல வுழறாங்க. நான் நாய்க்குச் சமானம். என் மச்சான் பாபுக்கு நான்தான் ஊத்திக் குடுத்தேன். அவன் வோணாம்னான். நான்தான் குடிடான்னேன். மல்லிகா தலையில அடிச்சி பொய் சத்தியம் பண்ணேன். எனுக்கு இன்னா தண்டன குடுத்தாலும் குடு. ஆனா யாருக்கும் தெரியாம குடு. இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தக் காப்பாத்தி வுட்டுடு. மலைக்குப் போய்ட்டு வந்துட்றேன். அப்புறம் இதுலேருந்து என்னத் தூக்கி வுட யாரயாவது ஒரு ஆள அனுப்பு தாயே."

பேசும்போது என் குரல் எங்கோ தூரத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது. எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் பாறை மலைதானே. மலையில் பட்டு வருகிறது என்று நினைத்தேன். போதையில் அது ஆறுதலாகக்கூட இருந்தது. தாய் பதில் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதேன்.

யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு செல்வராஜ் உள்ளே வந்தான். குழாயை வாங்கிப் போகலாம் என்று வந்தவன், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது.

"அண்ணா, மைக்கு ஆன்ல இருக்குதுணா."

இடுப்பைப் பார்த்தேன். மைக்கில் சின்னதாகச் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அவனே குனிந்து அதை அணைத்தான். ஆம்ப்ளிபயர் பக்கம் போய்ப் பிளக்கையும் பிடுங்கினான்.

"எப்பலேருந்துடா?"

"நீ தாயேன்னு ஆரம்பிச்சதுலேருந்து."

பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவன், அதைவிட அதிக வருஷம் மைக் செட் ஓட்டியவன், பாக்ஸை மட்டும் அணைத்துவிட்டுக் குழாயை அணைக்காமல் விட்டிருக்கிறேன். எங்கள் ஊர் மட்டுமில்லை, ஏரிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை கொத்தியவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியே ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. யாராவது என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அண்டா துலக்கிய சாம்பல் அவள் முழங்கை வரைக்கும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் நீ என்று சொன்னதில்லை.

"பாபுக்கு நீதான் ஊத்துனியா?"

"ஆமா."

அவள் அழவில்லை. திரும்பிப் போய் மிச்ச அண்டாக்களைத் துலக்கினாள். அந்தச் சத்தம் எனக்கு உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் குழுவில் எனக்கு அடுத்த சாமி தேசிங்கு. என் பங்காளி. அவன்தான் கடைசியாக உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "சாமி, மாலய எறக்கி தாயோட சூலத்துல மாட்டிடுங்க சாமி. இருமுடிய நாங்க கட்டிக்குறோம்." அப்போதும் அவன் என்னைச் சாமி என்றுதான் சொன்னான். அந்தச் சொல் என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எத்தனையோ பேருக்கு மாலை போட்டு, கழற்றியும் விட்டவன் நான். என் மாலையைக் கழற்ற என் கை வரவில்லை. மாலை காதில் மாட்டிக்கொண்டது. செல்வராஜ்தான் எடுத்துவிட்டான்.

வீட்டில் போய்ச் சுருண்டு படுத்தேன். சாயங்காலம் குழாயில் சரணம் கேட்டது. தேசிங்கு கட்டுகிறான், செல்வராஜ் என் செட்டை ஓட்டுகிறான். ஒவ்வொரு கன்னிசாமி பேரும் எனக்குக் கேட்டது. பிறகு வேன் கிளம்பும் சத்தம். எனக்கு அம்மன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். நான் கேட்டது என்ன, நீ கொடுத்தது என்ன? யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்று கேட்டவனை ஊருக்கே குழாய் வைத்துக் காட்டிக் கொடுத்தாயே. நீயெல்லாம் ஒரு தாயா? இப்படியெல்லாம் திட்டினேன். அவள் என்னை மன்னிப்பாளாக.

வேன் போனதும் செல்வராஜ் வீட்டுக்கு வந்தான். வயரைச் சுற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தான்.

"எனுக்கு மோர்க்காரன்னு பேரு வெச்சது நீதான்ணா. அதுக்கு முன்னால அனந்தபுரத்துல எனுக்கு இன்னா பேரு தெரியுமா? சாக்கட செல்வராஜ். தெனம் சாக்கடயிலேருந்துதான் என்னத் தூக்குவாங்க. மோர்க்காரன்னு நீ கூப்புட்டப்ப எனுக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"செஞ்சியில ஞாயித்துக்கெழம ஒரு கூட்டம் நடக்குதுணா. எல்லாரும் நம்பள மாதிரிதான். குடிச்சி நாசமாப் போயி நிறுத்துனவங்க. நிறுத்தணும்னு வர்றவங்க. நீ வா. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஒன் ஒடம்பு இருக்கற நெலமயில நீயா திடீர்னு நிறுத்தனா வலிப்பு வந்துடும். டாக்டர்கிட்ட எல்லாத்தயும் சொல்லு. கொறச்சி சொல்லாத."

"எங்கடா நடக்குது கூட்டம்?"

"சர்ச்சுக்குப் பின்னால. பள்ளிக்கூட ரூம்ல."

"ஓ, அப்டியா சேதி? குருசாமிய மதம் மாத்தக் கூட்டினு போறியா?"

அந்த நிலைமையிலும் எனக்குக் குருசாமித் திமிர் போகவில்லை பாருங்கள். அவன் சிரிக்கவில்லை. "எடம் அவங்க குடுத்தது. அவ்ளோதான். அங்க யாரும் யாரு சாமியயும் கேக்கமாட்டாங்க. நானும் பொன்னியம்மன கும்பிட்டுட்டுத்தான் போறேன். ஒன் தாயிகிட்ட ஆள் அனுப்புன்னு நீதானண்ணா கேட்ட? நான் பஸ் ஸ்டாப்ல நின்னுங்கினு கேட்டேன். எனுக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சி."

அன்பர்களே, அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நான் தாயிடம் இரண்டு வரம் கேட்டிருக்கிறேன். ஒன்று, யாருக்கும் தெரியக்கூடாது. இன்னொன்று, ஒரு ஆளை அனுப்பு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியாது. யாருக்கும் தெரியாத நோய்க்கு யார் வருவார்கள்? அதனால் அவள் இரண்டாவதை மட்டும் கொடுத்தாள். நான் கேட்டு முடித்த கையோடு அந்த ஆள் ஓடி வந்து என் இடுப்பில் இருந்த மைக்கை அணைத்தான். மல்லிகா ஆஸ்பத்திரிக்கு வந்து கஞ்சி கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்துவிட்டுப் போய் வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போனேன். கூட்டு ரோட்டில் இறங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நெல் மூட்டை அடுக்கிய மார்க்கெட் கமிட்டிப் பக்கம் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஒயின்ஷாப்புக்கு நான் ஒருநாளும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போனதில்லை. அதற்கு வராத வெட்கம் இதற்கு வந்தது.

ஒரு வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பிளாஸ்கில் டீ, தட்டில் பிஸ்கட். ஒரு வாத்தியார், ஒரு டிராக்டர் டிரைவர், பூ விற்கிற ஒரு அம்மா, இன்னும் சிலர். உள்ளே நுழைந்ததும் நான் மைக் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தொழில் புத்தி. மைக் இல்லை. எல்லோரும் வெறும் வாயால் பேசினார்கள், மெதுவாக. முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

என் முறை வந்தது. எழுந்து நின்று கையைக் கூப்பி, தொண்டையைச் செருமி, பஜனையில் பேசுவதுபோல் ஆரம்பித்தேன். மனசை எப்படி அடக்குவது, விரதம் என்றால் என்ன, காலையில் குளித்தால் புலன்கள் எப்படிக் கட்டுப்படும் என்று எல்லோருக்கும் வழி சொன்னேன். நன்றாகவே பேசினேன். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டான். முடித்து உட்கார்ந்ததும் எல்லோரும் நன்றி சொன்னார்கள். டீ குடிக்கும்போது பூக்கார அம்மா பக்கத்தில் வந்தார்.

"நல்லா பேசனீங்க சாமி. ஆனா நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லவே இல்லியே?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாலை இல்லை, குருசாமிப் பட்டம் இல்லை, ஊரே கேட்டுவிட்ட பிறகும் நான் ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். செல்வராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். வேறு வழியில்லாமல் ஏறினேன்.

அன்றைக்கு எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன். "என் பேரு ஏழுமல. நான் குடிகாரன். மாலயோட குடிச்சேன். குடிக்க மாட்டேன்னு சொன்ன என் மச்சானுக்கு ஊத்திக் குடுத்தேன். அவன் செத்துட்டான்." அவ்வளவுதான் வந்தது. எத்தனையோ கூட்டத்தில் மைக் பிடித்த எனக்கு வெறும் வாயில் குரல் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்று தட்டிக் கொடுக்கவும் இல்லை. டிராக்டர் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர், தன் பேரைச் சொல்லி, தன் கதையைச் சொன்னார். அது என் கதையைவிட நல்ல கதை இல்லை. அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் மற்றவர்களோடு ஒருத்தனாக உட்கார்ந்திருந்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. தை மாதத்தில் ஒரு மஞ்சள் நீராட்டில் துண்டில் சுற்றியது கைக்கு வந்தது. குடித்துவிட்டேன். குடித்துவிட்டுச் செல்வராஜுக்குப் போன் பண்ணி அவனையே திட்டினேன். அவன் வந்து என் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றி, என்னையும் ஏற்றினான். அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பவும் குடித்துவிட்டேன் என்று சொன்னதுதான் என் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான பேச்சு. "வந்தீங்க இல்ல, அது போதும்" என்றார் வாத்தியார். அதற்கப்புறம் இன்றுவரை தாய் என்னை விழ விடவில்லை. நாளைக்கு என்ன என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்குக் குடிக்கவில்லை.

இப்போது வேலைக்குப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன், பாட்டில் வைக்காதீர்கள், எனக்கு ஆகாது என்று. சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சிலர் பின்னாலேயே வந்து, அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று காதோடு கேட்கிறார்கள். குழாயில் முழு ஊரும் கேட்டதால் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. தேசிங்குதான் இப்போது குருசாமி. மாலை கழற்றிய மறுநாள் விருந்தை அவன் நிறுத்திவிட்டான். பொங்கல் வைத்து, குழந்தைகளுக்குக் கொடுத்து, கலைந்து போகிறார்கள். மாலை போட்டுக்கொள் என்று அவன் என்னைக் கூப்பிட்டான். இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இருமுடி கட்டும் நாளில் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்து செட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். கன்னிசாமிகள் என்னைத் தாண்டிப் போகும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கூச்சம் போகவில்லை. போக வேண்டாம் என்றே தாயிடம் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் எங்கள் கூட்டத்தின் ஆண்டு நாள். அன்றைக்கு மட்டும் வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிடுவார்கள். மல்லிகா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் எழுந்து, என் வீட்டுக்காரர் தெய்வமாகத் திரும்பி வந்தார், எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது என்றெல்லாம் சொன்னார்கள். கை தட்டினார்கள். பூக்கார அம்மா மல்லிகாவைப் பார்த்து, நீயும் ஒரு வார்த்தை சொல்லேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு தானாகவே எழுந்தாள்.

"எனுக்குப் பேசல்லாம் தெரியாது. எந்தம்பிக்கு இவரு பண்ணத நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா ஞாயித்துக்கெழம ஆனா இவரு சட்டய நான்தான் இஸ்திரி போட்டு வெக்கிறேன். இங்க வர்றதுக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. நான் என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் அது கட்டில் மேல் மடித்து இருக்கும். லாண்டரியில் கொடுத்து வாங்கி வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

தாயின் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். அந்த ஒருத்தர் நீங்களாகவே இருக்கலாம். மாலை போடுங்கள், விரதம் இருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாலை கழற்றிய மறுநாள் உங்களோடு யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். தாயிடம் கேளுங்கள், அவள் ஆளை அனுப்புவாள். என்னை மாதிரி, யாருக்கும் தெரியாமல் அனுப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இந்த மாதிரிக் கூட்டம் எங்காவது நடக்கும். விசாரியுங்கள், சொல்வார்கள். செஞ்சிக்கு வருவதானால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. கதவை ஒட்டிய பெஞ்சில் ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து உங்களுக்கு இடம் விடுவேன்.